ராணுவ முகாமில் இலவசக் கச்சேரி! பணம் கட்டியது யார்?

பாட்டுக்குப் பின்னால் ஒரு விளம்பர வியாபாரம் — அமெரிக்கப் பட்டாளத்தில் நடந்த கதை

(நமது நிருபர்)

இலவசக் கச்சேரி என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ராணுவ முகாம் மைதானம். மாலை நேரம். சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் பெரிய பாடகர். டிக்கெட் கிடையாது. பிள்ளைகளுக்குப் பலூன் உண்டு, தொப்பி உண்டு.

சரி, பாடகர் சும்மா வந்துவிடுவாரா? மைக் செட்டுக்காரர் சும்மா கட்டுவாரா? யாரோ ஒருவர் எங்கேயோ பணம் கட்டித்தானே இருக்க வேண்டும்!

அமெரிக்காவில் கென்டக்கி, டென்னசி என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் 'போர்ட் கேம்ப்பெல்' என்று ஒரு பெரிய ராணுவ முகாம் இருக்கிறது. புகழ் பெற்ற 101-வது வான்வழிப் படைப்பிரிவின் சொந்த ஊர் அது. அங்கே நடந்த ஒரு கச்சேரிக்கு 25 ஆயிரம் டாலர் கட்டியது யார் என்று 2015-ம் ஆண்டில் செய்தி வெளியானது.

கட்டியது ஒரு கல்லூரி!

கல்லூரிக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? அந்த முடிச்சை அவிழ்க்கப் போனால், பட்டாளத்துக்குள்ளேயே விளம்பரம் விற்பதற்கு ஒரு தனி ஆபீஸ் இருப்பது தெரியவருகிறது.

அது என்ன ஆபீஸ்?

அமெரிக்க ராணுவத்தில் 'எம்.டபிள்யூ.ஆர்.' என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். மனத்தெம்பு, நலன், பொழுதுபோக்கு — இந்த மூன்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்.

பட்டாளத்துக்காரன் துப்பாக்கி பிடித்த நேரம் போக மிச்ச நேரத்தில் என்ன செய்வான்? அவன் பெண்டாட்டி என்ன செய்வாள்? பிள்ளைகள் எங்கே விளையாடும்? இதைப் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஆபீசின் வேலை.

உடற்பயிற்சிக் கூடம், நூலகம், நீச்சல் குளம், பிள்ளைக் காப்பகம், பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கும் பவுலிங் கூடம், கோல்ப் மைதானம், ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கை, கச்சேரி... எல்லாம் இதன் பொறுப்பு.

தரைப்படை, கப்பல் படை, விமானப்படை, மரீன் படை என்று ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு அமைப்பு உண்டு. பெயர்தான் கொஞ்சம் மாறும்.

மூன்று பெட்டி!

இதற்கெல்லாம் பணம்? மளிகைக் கடைக் கல்லாவில் தாளுக்கு ஒரு அறை, சில்லறைக்கு ஒரு அறை இருப்பதுபோல இங்கே மூன்று பெட்டி இருக்கிறது.

முதல் பெட்டி: ஜிம், நூலகம் போன்றவை. சிப்பாயின் உடம்புக்கும் மூளைக்கும் கட்டாயம் வேண்டியவை. இந்தச் செலவில் 100-க்கு 85 பங்காவது வரிப்பணத்தில் இருந்து வர வேண்டும் என்பது குறி.

இரண்டாவது பெட்டி: பிள்ளைக் காப்பகம், இளைஞர் விளையாட்டு போன்றவை. இதற்கு 100-க்கு 65 பங்கு வரிப்பணம். மிச்சம் கட்டணம்.

மூன்றாவது பெட்டி: கோல்ப், கிளப் போன்றவை. "நீயே சம்பாதித்து நீயே சாப்பிட்டுக்கொள்" என்று சர்க்கார் கையை விரித்துவிடும் பெட்டி இது. வரிப்பணம் பெரும்பாலும் கிடையாது.

ஆக, சர்க்கார் கொடுப்பது போக மிச்சத்தை முகாம்காரர்கள் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். எங்கே தேடுவது?

சிப்பாய் பையில் இருந்து!

முதல் வழி கடை. ராணுவ முகாமுக்குள் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற கடைகள் உண்டு. 1895-ம் ஆண்டு தொடங்கியது இந்த ஏற்பாடு. சிப்பாய் சோப்பு வாங்கினாலும் சட்டை வாங்கினாலும் அந்தக் கடையின் லாபத்தில் ஒரு பங்கு பொழுதுபோக்கு நிதிக்குப் போகிறது.

இரண்டாவது வழி கட்டணம். பந்து உருட்டக் காசு. நீந்தக் காசு.

மூன்றாவது வழியைக் கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். சூதாட்ட மெஷின்!

வெளிநாடுகளில் இருக்கும் அமெரிக்க ராணுவ முகாம்களில், காசு போட்டுப் பொத்தானை அழுத்தும் 'ஸ்லாட் மெஷின்'களை ராணுவமே நடத்துகிறது. அமெரிக்க நாட்டுக்குள் உள்ள முகாம்களில் இது கிடையாது.

அந்நாட்டு அரசாங்கத் தணிக்கை அலுவலகம் 2017-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 3,141 மெஷின்கள் இருப்பதாகவும், 2011 முதல் 2015 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் அவற்றில் சுமார் 53 கோடியே 89 லட்சம் டாலர் வருமானம் வந்ததாகவும் அதில் கூறப்பட்டு இருந்தது.

சிப்பாய்க்குப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்குக்குப் பணம் சிப்பாயின் சூதாட்டத்தில்! தன் பையில் இருந்து எடுத்துத் தனக்கே மொய் எழுதுகிற கதைதான்.

"இதைவிட வெளியே உள்ள கம்பெனிக்காரனிடம் வாங்கினால் என்ன?" என்று தோன்றும். தோன்றியது. அங்கேதான் ஸ்பான்சர் ஆபீசர் உள்ளே வருகிறார்.

உபயம் வேறு, ஸ்பான்சர் வேறு!

நம்ம ஊர்க் கோவிலில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வருகிறதோ இல்லையோ, 'உபயம்: இன்னார்' என்ற எழுத்து பளிச்சென்று தெரியும். அந்த ஆசைதான் இதிலும்.

ஆனால் ராணுவ ஆபீசில் இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நன்கொடை என்றால், கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். பதிலுக்கு ஒன்றும் கேட்கக் கூடாது.

ஸ்பான்சர் என்றால், கம்பெனி பணமோ பொருளோ கொடுக்கும். பதிலுக்கு மேடையில் பெயர், வாசலில் பேனர், மைதானத்தில் ஒரு ஸ்டால் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். இது ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

விளம்பரம் என்றால், பொழுதுபோக்குப் பிரிவு நடத்தும் பத்திரிகையில் பக்கம், ஜிம்மில் மாட்டிய டெலிவிஷனில் சில வினாடி, பவுலிங் கூடத்தில் ஒரு சுவர்ப் பலகை. இவ்வளவு இடத்துக்கு இவ்வளவு ரேட். நிகழ்ச்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் இடம் வாங்கியவனுக்கு இடம்.

இதை விற்பதுதான் ஸ்பான்சர் ஆபீசரின் உத்தியோகம்.

வருஷ ஆரம்பத்தில் நிகழ்ச்சி அட்டவணை போடுவார். எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று கணக்குப் போடுவார். பெரிய தொகை கொடுத்தால் மேடையின் தலைப்பிலேயே பெயர். சின்னத் தொகை கொடுத்தால் ஓரத்தில் ஒரு பேனர். கையில் காசில்லாத கம்பெனி தண்ணீர் பாட்டில் கொடுக்கலாம், பரிசுப் பொருள் கொடுக்கலாம்.

கார் விற்பவர், டெலிபோன் கம்பெனி, பாங்க், இன்சூரன்ஸ், கல்லூரி... இவர்கள்தான் வழக்கமான வாடிக்கைக்காரர்கள்.

சட்டம் சொல்வது என்ன?

சும்மா சொல்லக் கூடாது. எழுதி வைத்த விதிகள் கறாராகவே இருக்கின்றன.

ராணுவம் தானாகப் போய் ஸ்பான்சர் கேட்டால், ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. போட்டிக்கு இடம் கொடுத்துப் பலரையும் கேட்க வேண்டும்.

வாய்ப் பேச்சு செல்லாது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தக் காலம் ஒரு வருஷம் அல்லது அதற்கும் குறைவு.

முகாமுக்குச் சாமான் வாங்கும் கான்ட்ராக்ட் ஆபீசர் இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது. "ஸ்பான்சர் கொடு, கான்ட்ராக்ட் தருகிறேன்" என்று ஆகிவிடுமே, அதற்காக!

சிகரெட் கம்பெனியிடமும் சாராயக் கம்பெனியிடமும் போய் ஸ்பான்சர் கேட்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: "ராணுவம் இந்தக் கம்பெனிக்கோ இந்தப் பொருளுக்கோ சிபாரிசு செய்யவில்லை" என்று விளம்பரத்தோடு சேர்த்துப் போட வேண்டும்.

இடம் உண்டு, சிபாரிசு இல்லை. விதியின் உயிர்நாடி இதுதான்.

காகிதத்தில் சரி. மைதானத்தில்?

19 வயசுப் பையன். வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்தவன். முகாம் வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறது. அடையாள அட்டை இல்லாமல் ஈ, எறும்பு உள்ளே வர முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்குள் ஒரு கம்பெனி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தால் அவன் என்ன நினைப்பான்?

"பெரியவர்கள் பார்த்துத்தானே உள்ளே விட்டிருப்பார்கள்!"

பேனரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வாசகத்தை யார் படிக்கிறார்கள்?

கம்பெனிகள் ஏன் மொய்க்கின்றன?

காரணம் சம்பளத் தேதி.

அமெரிக்க ராணுவத்தில் பணியில் இருப்பவர்கள் சுமார் 13 லட்சம் பேர். மாதம் இரண்டு தடவை, 1-ந் தேதியும் 15-ந் தேதியும் சம்பளம். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் வந்துவிடும். கடன் கொடுத்தால் ஆள் ஓட முடியாது. மேலதிகாரியிடம் சொன்னால் போதும்.

மாதச் சம்பளக்காரன் எங்கே இருக்கிறானோ அங்கே தவணைக்காரனும் இருப்பான். நமக்குத் தெரியாததா?

அதிலும் பலர் இளவட்டம். கையில் முதல் சம்பளம். சில வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாற்றம். நல்லது கெட்டது சொல்ல அப்பா அம்மா பக்கத்தில் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் காதில் நாலு வார்த்தை போட எந்தக் கம்பெனிக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் வாசலில் காவல். அந்த வாசலைத் தாண்டும் சீட்டுக்குத்தான் இத்தனை மதிப்பு.

பழைய காயம் இரண்டு!

இது வெறும் பயம் இல்லை. ஏற்கெனவே சூடு பட்ட கதை உண்டு.

ஒன்று, சேமிப்புத் திட்டம். "மாதாமாதம் கட்டு, கிழவன் ஆனதும் பணக்காரன்" என்று சொல்லிச் சிப்பாய்களிடம் ஒருவகை முதலீட்டுத் திட்டத்தை விற்றார்கள். முதல் வருஷம் கட்டுகிற பணத்தில் பாதி கமிஷனாகவே போய்விடும்! 2004-ல் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தின. 2006-ல் சட்டம் போட்டு அந்தத் திட்டத்தையே தடை செய்தார்கள்.

அதே ஆண்டில் முகாமுக்குள் வியாபாரம் பேசுவதற்கும் விதிகளை இறுக்கினார்கள். ஏஜெண்டு முன்கூட்டி நேரம் வாங்காமல் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. கட்டாயமாக உட்கார வைத்த கூட்டத்தில் விற்கக் கூடாது. பயிற்சியில் இருக்கும் புது ஆட்களைக் கும்பலாக உட்கார வைத்து விற்கக் கூடாது.

இரண்டாவது, கைமாற்றுக் கடன். முகாம் வாசலுக்கு வெளியே வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் வட்டி. கேட்கும்போது சின்னத் தொகை. வருஷத்துக்கு 26 இரண்டு வாரம். கணக்குப் போட்டால் 390 சதவீதம்!

இதற்கும் 2006-ல் சட்டம் வந்தது. சிப்பாய்க்கும் குடும்பத்துக்கும் கொடுக்கும் இந்த மாதிரிக் கடனுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்து 36 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 2007 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 2015-ல் இன்னும் பலவகைக் கடன்களுக்கும் விரிவுபடுத்தினார்கள்.

இன்சூரன்ஸ்காரனுக்கு ஒரு பூட்டு. வட்டிக்காரனுக்கு ஒரு பூட்டு. அடுத்து வந்தது கல்லூரி!

36 மாதப் புதையல்

அமெரிக்காவில் பட்டாளத்துக்காரனுக்குப் பெரிய சொத்து என்ன தெரியுமா? நிலமில்லை, நகையில்லை. படிப்புச் சலுகை!

பணியில் இருக்கும்போது படித்தால் ராணுவமே கட்டணம் கட்டும். பணியை விட்டு வந்த பிறகு 'ஜி.ஐ. பில்' என்ற சட்டப்படி 36 மாதம் படிக்கப் பணம் உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த 36 மாதம். தவறான இடத்தில் செலவழித்தால் திரும்பச் சம்பாதிக்க முடியாது.

லாபத்துக்கு நடக்கும் தனியார் கல்லூரிகளுக்கு இந்தப் பணத்தின் மேல் ஒரு கண். அதற்கு ஒரு விசேஷக் காரணமும் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்பது!

கவனமாகக் கேளுங்கள்.

லாபத்துக்கு நடக்கும் கல்லூரி தன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவிப் பணத்தில் இருந்து எடுக்கக் கூடாது. மிச்சம் 10 சதவீதமாவது வெளியே இருந்து வர வேண்டும். "உண்மையிலேயே நல்ல கல்லூரி என்றால் பத்தில் ஒரு பங்காவது யாராவது சொந்தக் காசு கொடுத்துப் படிக்க வருவார்கள் அல்லவா?" என்பது சட்டத்தின் எண்ணம்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. சிப்பாயின் படிப்புச் சலுகைப் பணமும் அரசாங்கப் பணம்தான். ஆனாலும் அது அந்த 90-ல் சேரவில்லை. 10-ல் சேர்ந்தது!

அதாவது, ஒரு சிப்பாய் மூலம் 1 டாலர் கிடைத்தால், அதைக் காட்டி வேறு மாணவர்கள் மூலம் 9 டாலர் அரசாங்கப் பணம் வாங்கலாம். ஒவ்வொரு சிப்பாயும் ஒன்பது பங்கு பெறுமானம்!

இப்போது சொல்லுங்கள். 25 ஆயிரம் டாலர் கொடுத்துக் கச்சேரி வைப்பது நஷ்டமா?

ஜனாதிபதி கையெழுத்து

புகார்கள் பெருகின. 2012 ஏப்ரல் 27-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள போர்ட் ஸ்டூவர்ட் முகாமுக்கு நேரில் போனார். சிப்பாய்கள் முன்னிலையில் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். முகாமுக்குள் வந்து ஏமாற்றி ஆள் பிடிக்கும் கல்லூரிகளுக்குக் கடிவாளம் போடும் உத்தரவு அது.

அதன்பிறகு ராணுவம் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போட்டது. முகாமுக்குள் எந்தக் காரியமாக வந்தாலும் அங்குள்ள கல்வி ஆலோசகர் வழியாகத்தான் வர வேண்டும் என்று அதில் விதி.

முன்வாசல் பூட்டப்பட்டது. பக்கத்து வாசல்?

திறந்திருந்த பக்கத்து வாசல்!

2015 ஜூன் மாதம். 'ரிவீல்' என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பு ஒரு செய்தி வெளியிட்டது. லாபத்துக்கு நடக்கும் பெரிய நிறுவனமான பீனிக்ஸ் பல்கலைக்கழகம், ராணுவ முகாம்களில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளுக்கு ஸ்பான்சராக இருந்தது என்று அதில் கூறப்பட்டு இருந்தது.

ராக் இசைக் கச்சேரி. கால்பந்து இறுதிப் போட்டி விருந்து. அப்பாவும் மகளும் சேர்ந்து ஆடும் நடன விழா. பிள்ளைகள் ஈஸ்டர் முட்டை தேடும் விளையாட்டு. சாக்லேட் திருவிழா. எல்லாவற்றிலும் கல்லூரியின் பெயர்!

போர்ட் கேம்ப்பெல் கச்சேரியும் அதில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். ஸ்பான்சர் ஆபீஸ் செய்ததில் தனியாகப் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. கல்லூரி சிகரெட் கம்பெனியா? இல்லை. சாராயக் கம்பெனியா? இல்லை. பணம் வந்ததா? வந்தது. கச்சேரி நடந்ததா? நடந்தது. பிள்ளைகள் சிரித்தார்களா? சிரித்தார்கள்.

கல்வி ஆபீஸ் ஒரு கட்டடம். பொழுதுபோக்கு ஆபீஸ் இன்னொரு கட்டடம். முதல் கட்டடத்தில் சீட்டு வாங்க வேண்டியவர்கள் இரண்டாவது கட்டடத்தில் செக் கொடுத்தார்கள்!

இன்னொரு விவகாரமும் வெளியே வந்தது. பட்டாளத்தில் 'சேலஞ்ச் காயின்' என்று ஒரு வில்லை உண்டு. மேலதிகாரி மெச்சிக் கொடுக்கும் மரியாதை நாணயம். ஒரு பக்கம் கல்லூரியின் பெயரும் இன்னொரு பக்கம் ராணுவத்தின் சின்னங்களும் போட்டு அந்த மாதிரி நாணயம் அச்சடித்திருந்தார்கள். சின்னத்தைப் போட முறையான அனுமதி இல்லை.

"சிபாரிசு இல்லை" என்று பொடி எழுத்தில் போட வேண்டும் என்பது விதி. இங்கே சின்னத்தையே பக்கத்தில் போட்டுக்கொண்டால் சிப்பாய் எதை நம்புவான்?

தடை வந்தது, போனது!

செனட்டர் டிக் டர்பின் விசாரணை கேட்டார். 2015 அக்டோபரில் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்தது. பீனிக்ஸ் பல்கலைக்கழகம் ராணுவ முகாம்களுக்குள் வரத் தடை. ராணுவம் கட்டணம் கட்டும் திட்டத்தில் புதிய மாணவர்களைச் சேர்க்கவும் தடை.

காரணங்கள் இரண்டு முக்கியம். ராணுவச் சின்னத்தை விதிக்கு மாறாகப் பயன்படுத்தியது ஒன்று. கல்வி ஆலோசகர் வழியாக வராமல் முகாமுக்குள் நிகழ்ச்சி நடத்தியது இன்னொன்று. இதோடு, அந்த நிறுவனத்தின் மேல் அப்போது நடந்துகொண்டிருந்த மற்ற விசாரணைகளையும் துறை சுட்டிக்காட்டியது.

இரண்டு பக்கமும் சொல்வதுதான் நியாயம். தவறுகளைச் சரி செய்துகொண்டதாகப் பாதுகாப்புத் துறையின் கடிதமே கூறியது. செனட்டர்கள் ஜான் மெக்கெயினும் ஜெப் பிளேக்கும் இன்னொருவரும் சேர்ந்து, "இந்தத் தடை நியாயமில்லை" என்று ஆட்சேபித்தார்கள். மெக்கெயினும் பிளேக்கும் அரிசோனா மாநிலத்துக்காரர்கள். பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் அரிசோனாதான். 2016 ஜனவரியில் தடை விலக்கப்பட்டது.

விவகாரம் அதோடு முடியவில்லை. 2019 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வேறொரு வழக்கில் 19 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. பெரிய பெரிய கம்பெனிகளோடு தொடர்பு இருப்பதாகவும், அங்கே வேலை கிடைக்கும் என்று தோன்றும்படியும் விளம்பரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 5 கோடி டாலர் ரொக்கம். 14 கோடியே 10 லட்சம் டாலர் மாணவர் பாக்கி தள்ளுபடி. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

'ஒன்றுக்கு ஒன்பது' ஓட்டையை 2021 மார்ச் மாதச் சட்டம் அடைத்தது. 2023 முதல் சிப்பாயின் சலுகைப் பணமும் 90-ல்தான் சேரும்.

தலைகீழ் வேடிக்கை!

அதே 2015-ல் இன்னொரு கூத்தும் வெளியானது. இங்கே பணம் தலைகீழாகப் போயிருந்தது!

விளையாட்டு மைதானத்தில் போர் முனையில் இருந்து திரும்பிய வீரரை நடுவில் நிறுத்திக் கூட்டம் எழுந்து கைதட்டும். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். விளையாட்டு அணிக்காரர்கள் தேசபக்தியால் செய்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட சில மரியாதைகளுக்கு ராணுவமே அணிகளுக்குப் பணம் கட்டியிருந்தது! 2012 முதல் போட்ட விளம்பர ஒப்பந்தங்களில் இப்படி 68 லட்சம் டாலர் என்று 2015 நவம்பரில் செனட்டர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? அதே மெக்கெயினும் பிளேக்கும்!

தேசியக் கால்பந்துச் சங்கம் 2016-ல் 7 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது.

அங்கே கைதட்டலுக்குள் விளம்பரம். இங்கே கச்சேரிக்குள் விளம்பரம். இரண்டிலும் பார்க்கிறவனுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அப்படியானால் ஸ்பான்சரே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்வது சுலபம். அந்தப் பணம் நின்றால் என்ன ஆகும்? வாணவேடிக்கை நிற்கும். பவுலிங் கட்டணம் ஏறும். அல்லது சூதாட்ட மெஷினை இன்னும் அதிகமாக நம்ப வேண்டி வரும். கடைசியில் பாரம் அதே சிப்பாய் தலையில்தான் விழும்.

புருஷன் போர் முனையில் இருக்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் வெளியே வரும் பெண்ணுக்கு அந்தக் கச்சேரி பெரிய ஆறுதல். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கார் கம்பெனி பேனரும் டெலிபோன் கம்பெனித் தொப்பியும் யாரையும் கெடுத்துவிடாது.

எனவே ஸ்பான்சர் ஆபீசர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வேலை இடம் விற்பதோடு முடிவதில்லை. முகாம் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவல்காரர் ஆளைச் சோதிக்கிறார். செக் புத்தகத்தோடு வருகிறவரைச் சோதிக்க வேண்டியவர் ஸ்பான்சர் ஆபீசர்.

இந்தக் கதை முழுக்கப் படித்த பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு என்று தோன்றுகிறது.

1. இந்தக் கம்பெனிக்கு முகாமில் வேறு ஏதாவது ஆபீசின் அனுமதி வேண்டுமா? அதை வாங்கி இருக்கிறதா?

2. வேறு வாசலில் 'வராதே' என்று சொல்லப்பட்டவர் இந்த வாசலில் வருகிறாரா?

3. பேனர் மட்டும் கேட்கிறாரா, அல்லது சிப்பாயின் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதி வாங்க மேஜை கேட்கிறாரா?

4. கொடுக்கும் பணத்தை அவர் எப்படித் திரும்ப எடுப்பார்? யாரிடம் இருந்து?

நான்காவது கேள்விக்குப் பதில் "எதிரில் உட்கார்ந்து கைதட்டும் 19 வயசுப் பையனிடம் இருந்து, அவனுக்கே தெரியாமல்" என்று வந்தால், செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கச்சேரி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தப் பையனிடம் இருப்பது 36 மாதம்.